வந்து போகிறவர்களும் உடனிருக்கிறவர்களும்

கிறிஸ்தவச் சபைகளின் வழக்கில் ‘மிஷன் பயணம்’ எனப்படுவது, ஒரு சபையைச் சேர்ந்த பத்துப் பதினைந்து பேர் ஒரு வாரமோ இரண்டு வாரமோ விடுப்பு எடுத்துக்கொண்டு, தங்கள் ஊரைக் காட்டிலும் வறிய ஓர் ஊருக்குச் சென்று, அங்கே ஏற்கெனவே ஊழியம் செய்துவரும் நண்பர்களைச் சந்தித்து, ஆலயத்துக்கு வண்ணம் பூசியோ மருத்துவ முகாம் நடத்தியோ, பெரும்பாலும் ஆதரவற்ற குழந்தைகளுக்கான இல்லம் ஒன்றில் சில நாள்களைக் கழித்துவிட்டுத் திரும்புவதாகும். அமெரிக்கச் சமூகவியலாளர் ராபர்ட் வுத்நவ், 2005ஆம் ஆண்டில் நடத்திய ஆய்வைக் கொண்டு, அந்நாட்டுச் சபைகளிலிருந்து மட்டும் ஆண்டுக்குச் சுமார் 16 லட்சம் பேர் இவ்வாறு வெளிநாடு சென்றுவருவதாக மதிப்பிட்டார். தென்கொரியா, பிரிட்டன், ஆஸ்திரேலியா, சிங்கப்பூர் ஆகிய நாடுகளின் சபைகளும், அண்மைக் காலமாக இந்தியப் பெருநகரச் சபைகளும் தத்தம் அளவில் இதே வழக்கத்தைக் கைக்கொண்டுள்ளன.

பயணம் முடிந்து வரும் ஞாயிற்றுக்கிழமையில், சென்றுவந்தவர்கள் ஆராதனையின் நடுவே ‘சாட்சி’ சொல்வார்கள். கடவுள் தம் வாழ்வில் செய்ததைச் சபையார் முன் எடுத்துரைப்பதற்குச் சாட்சி என்று பெயர். அந்தச் சாட்சிகள் நாடு மாறினாலும் உருமாறுவதில்லை. ஒன்றுமில்லாத நிலையிலும் அந்தக் குழந்தைகளின் முகத்தில் தெரிந்த மகிழ்ச்சி, வண்டியைவிட்டு இறங்கிய மாத்திரத்தில் ஓடிவந்து கட்டிக்கொண்ட பிஞ்சுக் கைகள், கொடுக்கப்போன இடத்தில் பெற்றுக்கொண்டு திரும்பியதாகச் சொல்லும்போது தழுதழுக்கும் குரல் ஆகியவை ஏறக்குறைய எல்லாவற்றிலும் உண்டு. அந்த நெகிழ்ச்சியின் உண்மையை ஐயுறுவதற்கு இடமில்லை. ஆனால், சாட்சி முழுவதும் பயணியின் மனத்தில் நிகழ்ந்ததைப் பற்றியதாகவே அமைந்துவிடுவதையும், வண்டி புழுதி கிளப்பிக்கொண்டு போன பிறகு அந்த இல்லத்தின் முற்றத்தில் என்ன நிகழ்ந்தது என்பதைச் சொல்ல ஒருவரும் அங்கே எஞ்சியிருப்பதில்லை என்பதையும் கவனித்தால், இப்பயணங்களைப் பற்றி எழுப்பப்பட வேண்டிய கேள்வி வேறொரு திசையில் இருப்பது புலப்படும்.

ஆதரவற்றோரைத் தேடிச் செல்வது கிறிஸ்தவத்தின் ஓரத்தில் ஒட்டிக்கொண்ட பழக்கமன்று. பெற்றோரை இழந்த பிள்ளைகளையும் கணவரை இழந்த பெண்களையும் அவர்களுடைய துன்பத்தில் சென்று காண்பதை மெய்யான பக்தியின் இலக்கணமாகவே யாக்கோபின் நிருபம் வகுத்திருக்கிறது. அந்தக் கட்டளையை முற்கால மிஷனெரிகள் நிறைவேற்றிய விதத்துக்கும் இன்றைய பயணிகள் நிறைவேற்றும் விதத்துக்கும் இடையிலுள்ள வேறுபாடு காலஅளவைப் பொறுத்தது. வட அயர்லாந்தில் பிறந்து 1895இல் இந்தியா வந்த ஏமி கார்மைக்கேல், திருநெல்வேலிச் சீமையில், பொட்டுக்கட்டிக் கோயிலுக்கு விடப்படவிருந்த சிறுமி ஒருத்தி 1901இல் தஞ்சம் புகுந்தது முதல் குழந்தைகளை ஏற்று வளர்க்கத் தொடங்கி, 1951இல் அச்சீமையின் டோனாவூரில் இறக்கும்வரை ஒருமுறைகூடத் தம் நாட்டுக்குத் திரும்பவில்லை. அவருடைய சமயப் பார்வையையும் குழந்தைகளை மீட்ட முறையையும் குறித்து அக்காலத்திலேயே சர்ச்சைகளும் வழக்குகளும் எழுந்தன. அவற்றைப் புறந்தள்ள வேண்டியதில்லை. எனினும், குழந்தைகளைச் சிறு சிறு வீடுகளாகப் பிரித்து, ஒவ்வொரு வீட்டையும் அங்கேயே தங்கி வாழும் பெண்களின் பொறுப்பில் விட்ட டோனாவூர் ஏற்பாட்டின் அடிப்படை, வளர்ப்பவர் மாறாமலிருப்பதே. பின்னாளில் உளவியலாளர்கள் ஆய்வுக்கூட முறையில் கண்டறிந்தவற்றை அங்கிருந்த பெண்கள் தொட்டிலாட்டியே அறிந்திருந்தனர்.

கப்பலில் வாரக்கணக்கில் பயணம் செய்து வந்தவர் ஆயுள் முழுவதும் தங்குவதென்பது இயல்பாக இருந்தது. ஜெட் விமானம் அந்த இயல்பைக் குலைத்தது. அமெரிக்கரான ஜார்ஜ் வெர்வர் 1957இல் கல்லூரி விடுமுறையில் நண்பர்களோடு மெக்சிகோவுக்குச் சென்ற பயணத்திலிருந்து ஆபரேஷன் மொபிலைசேஷன் என்னும் இயக்கமும், 1960இல் லாரன் கன்னிங்காம் தொடங்கியதிலிருந்து யூத் வித் எ மிஷன் என்னும் இயக்கமும் வளர்ந்து, இளைஞர்கள் சில வாரங்கள் அல்லது மாதங்கள் ஊழியம் செய்து திரும்பும் முறையை உலகெங்கும் பரப்பின. அதற்கு எதிரான வலுவான மறுப்பு ஒன்றும் சபைக்குள்ளிருந்தே எழுந்தது. கத்தோலிக்க குருவும் சிந்தனையாளருமான இவான் இல்லிச், 1968 ஏப்ரலில் மெக்சிகோவின் குவெர்னவாகா நகரில், கோடை விடுமுறைத் தொண்டுக்கு வந்து கூடியிருந்த அமெரிக்க மாணவர்களை நோக்கி, அவர்களுடைய நல்லெண்ணமே அந்நாட்டு ஏழைகளுக்குச் சுமையாகிறதென்று முகத்துக்கு நேரே கூறினார். சுற்றிப்பார்க்க வரலாம், மலையேற வரலாம், படிக்கவும் வரலாம், உதவுவதற்காக மட்டும் வரவேண்டாம் என்பதே அவருடைய வேண்டுகோளின் சாரம். விருந்தினராக அழைக்கப்பட்ட மேடையில் விருந்தளித்தவர்களையே அவ்வாறு சாடிய துணிவு அரிதுதான். ஆனால், அவருடைய பேச்சு அவ்வளவு புகழ்பெற்றும் பயணங்களின் எண்ணிக்கை குறையவில்லை என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

பணத்தின் கணக்கு எளிதானது; எளிதானதாலேயே பலரும் அங்கே நின்றுவிடுகிறார்கள். 1998 அக்டோபரில் மிட்ச் சூறாவளி ஹோண்டுராஸைச் சிதைத்த பின், வட அமெரிக்கக் குழுக்கள் வந்து கட்டிக்கொடுத்த வீடுகளையும் உள்ளூர்க் கிறிஸ்தவ அமைப்புகள் கட்டிய வீடுகளையும் ஒப்பிட்ட கர்ட் வெர் பீக் என்னும் ஆய்வாளர், குழுவினரின் பயணச் செலவையும் சேர்த்தால் ஒரு வீட்டுக்கு ஏறத்தாழ 30,000 டாலர் ஆனதையும், அதே வீட்டை உள்ளூரார் சுமார் 2,000 டாலரில் கட்டி முடித்ததையும் எடுத்துக்காட்டினார். அந்தப் பயணம் தங்கள் வாழ்வையே மாற்றிவிட்டதென்றும் அதன்பின் கூடுதலாகத் தானம் செய்வதாகவும் பயணிகள் பலர் கூறியிருந்தபோதிலும், நன்கொடைக் கணக்கேடுகள் அந்தக் கூற்றைத் தாங்கவில்லை. ஆயினும் சுவரைக் கூலிக்கு ஆள்வைத்து எழுப்பினாலும் பயணி எழுப்பினாலும் சுவருக்கு ஒன்றுதான். குழந்தையின் விஷயம் அப்படிப்பட்டதன்று.

முன்பின் அறியாதவரைக் கண்டதும் ஓடிவந்து கட்டிக்கொள்ளும் குழந்தையிடமிருந்தே இந்த ஆராய்ச்சி தொடங்கவேண்டும், ஏனெனில் ஏறக்குறைய எல்லாச் சாட்சிகளின் உச்சமும் அந்தக் காட்சிதான். வீட்டில் வளரும் ஒன்றரை வயதுப் பிள்ளை, ஊரிலிருந்து வந்த சித்தப்பாவையே முதலில் தாயின் சேலை முந்தானைக்குப் பின்னிருந்து எட்டிப்பார்த்து, தாய் சிரித்துப் பேசுவதைக் கவனித்து, அரைமணி நேரம் கழித்துத்தான் அருகில் வரும். அந்தத் தயக்கம் கூச்சமன்று, இன்னார் தன்னவர், இன்னார் அயலார் என்று பிரித்தறியும் மனத்தின் நலத்துக்கு அடையாளம். பிரிட்டிஷ் மனநல மருத்துவர் ஜான் பௌல்பி, உலகச் சுகாதார நிறுவனத்துக்காக 1951இல் எழுதிய அறிக்கையில், குழந்தைக்கு உணவும் தூய்மையும் எவ்வளவு இன்றியமையாதவையோ அவ்வளவு இன்றியமையாதது, மாறாத ஒருவரோடு அது கொள்ளும் நெருங்கிய உறவு என்று வாதிட்டார். அந்த உறவே பின்னர் ‘பற்றுறவு’ என்னும் கோட்பாடாக விரிந்தது. அப்படியொருவர் கிடைக்காத குழந்தை, அல்லது கிடைத்தவர் திரும்பத் திரும்ப மாறிக்கொண்டேயிருக்கும் குழந்தை, யாரையும் தன்னவராகக் கொள்ள முடியாமல் எல்லோரையும் தன்னவராகப் பாவிக்கக் கற்றுக்கொள்கிறது. இதனை மருத்துவர்கள் ‘வேறுபாடறியா நட்பு’ என்ற பொருள்படும் சொல்லால் குறிக்கின்றனர்.

இதனை உலகுக்குத் துலக்கமாகக் காட்டியது ருமேனியா. மக்கள்தொகையைப் பெருக்கும் நோக்கில் அதிபர் சௌசெஸ்கு 1966இல் 770ஆம் எண் ஆணையின் வழியே கருக்கலைப்பைத் தடைசெய்ததன் விளைவாக, வளர்க்க வழியற்ற குடும்பங்களின் பிள்ளைகள் அரசு இல்லங்களில் வந்து குவிந்தனர். 1989 டிசம்பரில் அந்த ஆட்சி கவிழ்ந்தபோது, ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட குழந்தைகள் அவ்வில்லங்களில் இருந்தது வெளிச்சத்துக்கு வந்தது. கம்பித் தொட்டில்கள் வரிசையாக நின்ற கூடங்களில் அழுகைச் சத்தமே கேட்கவில்லை என்று அங்கே சென்றவர்கள் பலர் பதிவுசெய்துள்ளனர். அழுதால் ஒருவரும் வருவதில்லை என்றறிந்த குழந்தை அழுவதை விட்டுவிடுகிறது. மேலைநாட்டுச் சபைகள் அந்நாட்டுக்கு லாரி லாரியாகத் துணியும் மருந்தும் கொண்டுசென்றதும், 1990களில் மிஷன் பயணத்துக்கான இடமாக ருமேனியா பெயர்பெற்றதும் இந்தப் பின்னணியில்தான்.

2000ஆம் ஆண்டில், சார்ல்ஸ் நெல்சன், நேதன் ஃபாக்ஸ், சார்ல்ஸ் சீனா ஆகிய மூன்று அமெரிக்க ஆய்வாளர்கள் புக்கரெஸ்ட் நகரில் ஒரு நீண்ட ஆய்வைத் தொடங்கினர். ஆறு இல்லங்களிலிருந்து, ஆறு மாதம் முதல் 31 மாதம் வரை வயதுடைய 136 குழந்தைகளைத் தேர்ந்து, அவர்களுள் பாதிப்பேரைச் சீட்டுக்குலுக்கும் முறையில் வளர்ப்புக் குடும்பங்களில் சேர்த்தனர். வளர்ப்புக் குடும்பம் என்பது, தத்தெடுக்காமல், அரசின் மேற்பார்வையில் பிறர் பிள்ளையைத் தம் வீட்டில் வைத்து வளர்க்கும் குடும்பம். மற்றப் பாதிப்பேர் வழக்கமான ஏற்பாட்டிலேயே தொடர்ந்தனர். குடும்பத்துக்குச் சென்ற குழந்தைகளின் அறிவுத்திறனும் மொழியும் உணர்ச்சி வெளிப்பாடும் குறிப்பிடத்தக்க அளவு மீண்டதையும், இரண்டு வயதுக்கு முன் சென்றவர்களிடம் அந்த மீட்சி கூடுதலாக இருந்ததையும் 2007 முதல் வெளிவந்த முடிவுகள் காட்டின. இரண்டு வயதுக்கு உட்பட்ட குழந்தைகளை இல்லங்களில் சேர்ப்பதை ருமேனியா 2004ஆம் ஆண்டின் சட்டத்தால் தடுத்திருந்தது.

அந்த ஆய்வில் ஒரு சோதனை மிக எளிமையானது. மிஷன் பயணம் செல்வோர் ஒவ்வொருவரும் அறிந்திருக்கத் தக்கது. நாலரை வயதுக் குழந்தை தன்னை வளர்ப்பவரோடு வீட்டிலோ இல்லத்திலோ இருக்கும்போது கதவு தட்டப்படுகிறது. வளர்ப்பவரும் குழந்தையும் போய்க் கதவைத் திறந்தால், வாசலில் நிற்கும் முன்பின் தெரியாத ஒருவர், தன்னோடு வந்தால் ஒன்றைக் காட்டுவதாகக் குழந்தையை அழைக்கிறார். பிறந்தது முதல் பெற்றோரிடம் வளர்ந்த குழந்தைகளில் அநேகமாக ஒருவரும் போகவில்லை. வளர்ப்பவரின் முகத்தைத் திரும்பிப் பார்த்தனர், அல்லது அவருடைய உடையைப் பற்றிக்கொண்டனர். இல்லத்தில் வளர்ந்த குழந்தைகளில் கணிசமானோர், திரும்பிக்கூடப் பார்க்காமல் அந்நியரோடு நடந்தனர். அதே நடையைத்தான் பயணக் குழுவினர் வேறொரு வாசலில் கண்டு, அன்பென்று எடுத்துக்கொண்டு ஊர் திரும்புகிறார்கள்.

இதை ஒரு குழுவினரின் வருகையோடு பொருத்திப் பார்க்கலாம். முதல் நாள் பலூன், பொம்மலாட்டம், பாட்டு. இரண்டாம் நாள் ஒவ்வொரு பயணியின் மடியிலும் அவரவர்க்கென்று ஒரு குழந்தை ஒட்டிக்கொள்கிறது. ஐந்தாம் நாள் அக்குழந்தை அவருடைய பெயரைச் சொல்லி அழைக்கிறது. பத்தாம் நாள் எல்லோரும் அழுகிறார்கள், வண்டி புறப்படுகிறது. அடுத்த மாதம் வேறொரு சபையிலிருந்து வேறொரு குழு வந்து பலூன் ஊதத் தொடங்குகிறது. ஒருமுறை பார்த்தால் இதில் குற்றம் காண்பது கல்நெஞ்சமாகத் தோன்றும். ஆனால், ஓர் ஆண்டில் பல குழுக்களைக் காணும் குழந்தை ஆண்டுக்குப் பல முறை கைவிடப்படுகிறது, அதுவும் ஏற்கெனவே ஒருமுறை கைவிடப்பட்ட குழந்தை. இல்லத்தின் ஆயாக்களுக்கோ, தாங்கள் அதட்டியும் குளிப்பாட்டியும் சோறூட்டியும் வளர்க்கும் பிள்ளை, சாக்லேட்டோடு வந்தவரிடம் ஓடிவிடும் அந்தப் பத்து நாளில் கைகட்டி நிற்பதைத் தவிர வேறு வழியில்லை. குழு போனபின் படுக்கையை நனைக்கும் பிள்ளைகளின் துணியைத் துவைக்கும் வேலை மட்டும் அவர்களுக்கு உரியது.

எல்லா இல்லங்களும் ருமேனிய இல்லங்களைப் போன்றவையல்ல என்பதையும் இங்கே சொல்லியாக வேண்டும். கேத்ரின் வெட்டன் தலைமையில் அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், கம்போடியா, எத்தியோப்பியா, இந்தியா, கென்யா, தான்சானியா ஆகிய ஐந்து நாடுகளில், 6 முதல் 12 வயது வரையுள்ள ஆதரவற்ற குழந்தைகளை ஆராய்ந்து 2009இல் வெளியிட்ட முடிவின்படி, இல்லங்களில் வாழ்ந்தவர்களின் உடல்நலமும் மனநலமும் உறவினர் வீடுகளில் வறுமைக்கிடையே வளர்ந்தவர்களுடையதைக் காட்டிலும் தாழ்ந்திருக்கவில்லை. கைக்குழந்தைக்கும் பத்து வயதுப் பிள்ளைக்கும் உள்ள வேறுபாடு, நாற்பது பேருக்கு ஓர் ஆயா என்ற நிலைக்கும் ஆறு பேருக்கு ஒருவர் என்ற நிலைக்கும் உள்ள வேறுபாடு ஆகியவற்றைக் கணக்கில் கொள்ளாமல், இல்லம் என்றாலே கேடு என்று கூறுவோர் இந்த ஆய்வைப் பெரும்பாலும் பேசாமல் கடந்துவிடுகின்றனர். ஆனால் அந்த ஆய்வும் வருகையாளர்களின் படையெடுப்புக்கு நற்சான்று எதுவும் தரவில்லை.

அடுத்த சிக்கல் இன்னும் ஆழமானது: அந்தக் குழந்தைகளுள் பலர் அநாதைகளே அல்லர். ஐக்கிய நாடுகளின் குழந்தைகள் நிதியமான யூனிசெஃப், தாய் தந்தையரில் ஒருவரை இழந்த குழந்தையையும் ‘அநாதை’ என்ற கணக்கிலேயே சேர்க்கிறது. அதன்படி 2015இல் உலகில் சுமார் 14 கோடி அநாதைக் குழந்தைகள் இருந்தனர் என்றாலும், இருவரையும் இழந்தவர்கள் அவர்களுள் ஒன்றரைக் கோடியளவினரே, அவர்களிலும் மிகப் பெரும்பாலோர் பாட்டி, மாமன், சித்தி என்று யாரேனும் ஓர் உறவினரிடம் வளர்பவர்கள். சபைக் கூட்டங்களின் திரையில் பெரிய எண் மட்டுமே ஒளிர்கிறது. அந்த எண்ணை நம்பி எழுப்பப்படும் இல்லத்தின் கட்டில்களை நிரப்புவது பெரும்பாலும் வறுமையே.

கம்போடியாவில் இது வெட்டவெளிச்சமானது. கெமர் ரூஜ் ஆட்சி 1979இல் வீழ்ந்து, போரில் பெற்றோரை இழந்த தலைமுறை வளர்ந்து பெரியவர்களான பின்பு, அங்கே அநாதை இல்லங்கள் குறைந்திருக்க வேண்டும். மாறாக 2005க்கும் 2010க்கும் இடைப்பட்ட ஐந்தே ஆண்டுகளில் அவற்றின் எண்ணிக்கை 75 விழுக்காடு பெருகியது. அவற்றிலிருந்த குழந்தைகளில் நான்கில் மூவருக்குப் பெற்றோரில் ஒருவரேனும் உயிரோடிருந்ததை 2011இல் வெளிவந்த ஆய்வு காட்டியது. அந்நாட்டில் அக்காலத்தில் வளர்ந்தது சுற்றுலா. அங்கோர் கோயில்களைக் காண வருவோர் தங்கும் சியாம் ரீப் நகரின் தெருக்களில், அன்றிரவு தங்கள் இல்லத்தில் நடக்கவிருக்கும் அப்சரா நடனத்துக்கு அழைக்கும் துண்டறிக்கைகளைப் பிள்ளைகளே வெளிநாட்டவர் கையில் திணித்ததுண்டு. பெற்றோர் பிள்ளையை விற்றார்கள் என்று எளிதாகச் சொல்லிவிட முடியாது. மழை பொய்த்த ஊரில், பள்ளிச் சீருடை வாங்க வழியில்லாத தாயிடம், நகரத்து இல்லத்தில் மூன்று வேளைச் சோறும் ஆங்கிலப் படிப்பும் உண்டென்று ஒருவர் வந்து சொன்னால் அவள் பிள்ளையின் நலனுக்காகவே கையை விடுகிறாள். நேபாளத்தில் 1996 முதல் 2006 வரை நடந்த உள்நாட்டுப் போரின்போது, ஹும்லா போன்ற தொலைதூர மலை மாவட்டங்களின் பெற்றோர் தரகர்களுக்குப் பணம் கொடுத்தே பிள்ளைகளைக் காத்மாண்டுக்கு அனுப்பிவைத்தனர். அப்பிள்ளைகளின் பெற்றோர் இறந்துவிட்டதாகச் சான்றிதழ்கள் புனையப்பட்டன. இவ்வாறு தாளில் மட்டும் அநாதையாக்கப்பட்டவர்களைச் சட்ட அறிஞர்கள் ‘காகித அநாதைகள்’ என்கின்றனர். இல்லங்களுக்காகக் குழந்தைகளைத் திரட்டுவது நவீன அடிமைமுறையின் ஒரு வடிவமென்று முதன்முதலாக ஏற்ற நாடு ஆஸ்திரேலியா. அந்நாட்டின் நவீன அடிமைமுறைச் சட்டம் 2018இல் இயற்றப்பட்டபோது அது நிகழ்ந்தது.

நல்லெண்ணம் எங்கே கொண்டுபோய்விடும் என்பதற்கு ஹைத்தி ஒரு கடுமையான சான்று. 2010 ஜனவரி 12இல் நேர்ந்த நிலநடுக்கத்துக்குப் பின், அமெரிக்காவின் பாப்டிஸ்டு சபையினர் பத்துப் பேர், உரிய ஆவணங்களின்றி 33 குழந்தைகளை டொமினிக்கன் குடியரசுக்குக் கொண்டுசெல்ல முயன்று எல்லையில் கைதாயினர். அவர்கள் அநாதைகளென்று எண்ணிய அக்குழந்தைகளுக்குப் பெற்றோர் இருந்தது பின்னர் தெரியவந்தது. தங்கள் வீடு இடிந்துபோன நிலையில், கல்வியும் பாதுகாப்பும் கிடைக்குமென்ற வாக்கை நம்பியே பெற்றோர் பிள்ளைகளை ஒப்படைத்திருந்தனர். ஒரு பயணியின் விமானக் கட்டணம் ஒரு ஹைத்தியக் குடும்பத்தை எத்தனை மாதம் தாங்கியிருக்கும் என்ற கேள்வி அந்தக் குழுவினரிடம் எழாமற்போனது வியப்பன்று. நிதி திரட்டும்போது அந்தக் கேள்வியை யாரும் கேட்பதில்லை.

வெள்ளைக்காரச் சபைகளைக் குறைசொல்லிவிட்டுத் தமிழ் வாசகர் நிம்மதியாகப் பக்கத்தைப் புரட்டுவதற்கும் இடமில்லை. பிள்ளையின் பிறந்தநாளையும் பெரியவர்களின் நினைவுநாளையும் ‘ஹோமில்’ கொண்டாடும் வழக்கம் தமிழ்நாட்டில் மத வேறுபாடின்றிப் பரவியிருக்கிறது: பிரியாணிப் பொட்டலங்களோடு குடும்பம் வந்திறங்கும், குழந்தைகள் வரிசையில் நின்று வாழ்த்துப் பாடும், கேக் வெட்டப்படும், நன்றி சொல்லப்படும், படம் எடுக்கப்படும். தன் பிறந்தநாள் எதுவென்றே அறியாத பிள்ளை ஊரார் பிள்ளைகளுக்கெல்லாம் கைதட்டிக்கொண்டு நிற்பதன் கொடுமை, சோற்றுப் பொட்டலத்தின் கொடையுணர்வில் மறைந்துவிடுகிறது. வாசற்கதவை யாருக்கும் திறந்துவிடும் இல்லத்தில் தீயநோக்கம் உடையவரும் நுழையலாம் என்பதற்கு மாமல்லபுரமே சான்று; அவ்வூர்க் காப்பகங்களில் குழந்தைகள் சுரண்டப்படுவது குறித்து 2007இல் வெளிவந்த நாளிதழ்ச் செய்தியை அடியொற்றி உச்சநீதிமன்றம் ஏற்ற வழக்கில், நீதிபதி மதன் பி. லோக்கூர் இடம்பெற்ற அமர்வு 2017 மே மாதத்தில், நாடெங்கும் உள்ள இல்லங்கள் அனைத்தும் பதிவுசெய்யப்பட்டுக் கண்காணிக்கப்பட வேண்டுமென்று விரிவான நெறிமுறைகளை வகுத்தது. 2015ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டம், பராமரிப்பிலுள்ள குழந்தையின் அடையாளத்தைப் படத்தாலோ பெயராலோ எந்த ஊடகத்திலும் வெளியிடுவதைத் தடுத்து, மீறுவோருக்கு ஆறு மாதம் வரை சிறையோ இரண்டு லட்சம் ரூபாய் வரை அபராதமோ இரண்டுமோ விதிக்க வழிசெய்கிறது. வாட்ஸாப் நிலைத்தகவல்களைப் பார்க்கும்போது, அந்தப் பிரிவை அறிந்தவர் மிகச் சிலரே என்று தோன்றுகிறது.

அவ்வாறாயின் பயணமே தேவையில்லையா என்ற கேள்விக்கு, ஒரு தமிழர் 1910இலேயே விடை சொல்லிவிட்டார் எனலாம். தூத்துக்குடிப் பகுதியின் வெள்ளாளன்விளையில் 1874இல் பிறந்து, 1903இல் திருநெல்வேலியில் இந்திய மிஷனெரி சங்கம் தோன்றக் காரணமாயிருந்து, தெலுங்கு நாட்டின் தோர்ணக்கல்லுக்குத் தாமே மிஷனெரியாகச் சென்ற வி. எஸ். அசரியா, எடின்பரோவில் கூடிய உலக மிஷனெரி மாநாட்டில் பேச எழுந்தபோது, ஐரோப்பிய மிஷனெரிகளுக்கும் இந்திய ஊழியர்களுக்கும் இடையே நிலவிய விலகலையும் மேட்டிமையையும் அந்த அவையின் முன்னிலையிலேயே போட்டுடைத்தார். தானமும் தியாகமும் போதிய அளவு தந்தாயிற்று, இனித் தரவேண்டியது நட்பு என்பது அவர் பேச்சின் முடிவு. அவையில் பலருக்கு அது கசந்தது. இரண்டே ஆண்டுகளில் அவர் ஆங்கிலிக்கன் சபையின் முதல் இந்தியப் பேராயரானார்.

நட்பு சமமானவர்களுக்கிடையே நிகழ்வது. போய்ப் பார்த்தலும், திரும்பிவந்து பார்க்கப்படுதலும், கடிதமும், கருத்து வேறுபாடும், காத்திருப்பும் அதற்கு உண்டு. பத்து நாள் வருகை அதற்குப் போதுமானது, ஏனெனில் வளர்ந்தவரால் பிரிவைத் தாங்க முடியும், அடுத்த சந்திப்புவரை உறவைக் காக்கவும் முடியும். தனியொருவராக ஊழியத்தில் உழலும் உள்ளூர்ப் போதகருக்கு, கணக்கு எழுதவும் அரசு அலுவலகப் படிவங்களை நிரப்பவும் ஆளின்றித் திண்டாடும் இல்ல நிர்வாகிக்கு, ஆண்டுக்கணக்கில் ஒருநாள் ஓய்வும் காணாத ஆயாவுக்கு, ஆண்டுதோறும் தவறாமல் வரும் நண்பர்கள் எவ்வளவு பெரிய தெம்பு என்பதை அவர்களே சொல்லக் கேட்கலாம். பெற்றோரை இழந்தோரைச் சென்று காணும் கட்டளை, அவர்களை அன்றாடம் தாங்குவோரைச் சென்று தாங்குவதாலும் நிறைவேறும் என்று கொள்வதில் வேதத்துக்கு முரண் ஏதுமில்லை.

இந்தத் திசையில் சபைகள் நகரத் தொடங்கியிருப்பதும் உண்மை. குழந்தையை இல்லத்தில் சேர்ப்பதற்கு முன் குடும்பத்தைத் தாங்க வேண்டும் என்ற கொள்கையை 2009இல் ஐக்கிய நாடுகள் சபை ஏற்ற மாற்றுப் பராமரிப்பு வழிகாட்டுதல்கள் முன்வைத்தன. அமெரிக்கக் கிறிஸ்தவ அமைப்புகளின் கூட்டணியான ஃபெய்த் டு ஆக்ஷன் அதே கொள்கையைச் சபைகளிடம் பரப்பிவருகிறது. 1994இன் இனப்படுகொலைக்குப் பின் இல்லங்கள் பெருகியிருந்த ருவாண்டா, 2012இல் அவற்றைப் படிப்படியாக மூடிக் குழந்தைகளைக் குடும்பங்களில் சேர்க்கும் தேசியத் திட்டத்தை ஏற்றது. பிள்ளைகளை ஏற்று வளர்க்க முன்வந்தவர்களை அந்நாட்டு மக்கள் ‘மலாயிகா முரின்சி’, அதாவது காவல் தூதர்கள், என்று அழைக்கின்றனர். இந்தியாவில் மிஷன் வாத்ஸல்யா திட்டத்தின்கீழ், குழந்தையைத் தன்னிடமே வைத்துக்கொள்ளும் வறிய குடும்பத்துக்கு மாதம் 4,000 ரூபாய் வழங்க வழியுண்டு. மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகில் விண்ணப்பித்துப் பெறவேண்டிய இந்த உதவியைப் பற்றி அறியாமல், விடுதியில் விட்டால்தான் பிள்ளை பிழைக்கும் என்று எண்ணும் விதவைத் தாய்மார், எந்தச் சபையின் பின்வரிசையிலும் இருக்கக்கூடும்.

நடைமுறையில் இந்த மாற்றம் இடறும் இடம் பணம். குழந்தையைத் தாயிடமோ பாட்டியிடமோ மீண்டும் சேர்த்த பிறகு, அது பள்ளிக்குப் போகிறதா, அடிபடுகிறதா, வேலைக்கு அனுப்பப்பட்டுவிட்டதா என்று பார்க்கச் சமூகப் பணியாளர் ஒருவர் மாதந்தோறும் பேருந்தேறிப் போய்வர வேண்டும். ஓராண்டு ஈராண்டுக்கு அதுவே முதன்மையான செலவு. இல்லத்தின் புதுக் கட்டடத்துக்கும் ஜெனரேட்டருக்கும் எளிதில் வந்த நன்கொடை, அந்தப் பேருந்துக் கட்டணத்துக்கு வருவதில்லை. சிதறிப்போய்த் தத்தம் வீடுகளில் வாழும் முப்பது குழந்தைகளை ஒரு குழுவினர் வந்து பார்க்கவும் முடியாது, பார்க்கவும் கூடாது, எனவே சாட்சியும் படமும் இல்லை. இல்லத்தை மூடிவிட வேண்டுமென்று மனம் ஒப்பிய நிர்வாகிகள்கூட, ஆண்டுதோறும் குழு அனுப்பும் சபைக்கு அதை எப்படி எழுதுவதென்று தெரியாமல், அடுத்த கோடைக்கால வருகையின் தேதிக்கு இன்னமும் சம்மதம் தெரிவித்துக்கொண்டிருக்கின்றனர்.